அளக்க அளக்கக் குறைந்த காற்று

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதலாளி தன் மோட்டார் சைக்கிள் சங்கத்து ஆண்டு மலருக்காக இதை எழுதித் தரச் சொல்லி இரண்டு மாதமாகக் கேட்கிறார்.

போத்தனூரில் ஒரு பம்பு செட் பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறேன். என் மனைவி சரோஜாவுக்கு தை மாதத் தொடக்கத்தில் முதுகில் ஆபரேஷன் நடந்தது. அதன்பின் எட்டு மாதம் ஆஸ்பத்திரியைத் தவிர அவள் எங்கும் போகவில்லை. புளியம்பட்டியில் அக்கா மகளுக்கு வளைகாப்பு என்றதும் போயே தீருவேன் என்றாள். "நிமிர்ந்து உட்காரலாம், அதிரக் கூடாது" என்றார் டாக்டர். காரில் சாய்ந்து உட்கார்ந்தால் அவளுக்குக் கால் மரத்துப்போகும். அதனால் முதலாளி நெடுந்தூரம் போகிற தன் பெரிய டூரிங் பைக்கைக் கொடுத்தார். அதன் பின்சீட்டில் முதுகுக்கும் கைக்கும் தாங்கல் உண்டு. பின்பக்க ஷாக் அப்சார்பருக்குள் காற்று அடைத்திருப்பதால் குழியில் இறங்கினாலும் அடி மேலே ஏறாது. காற்றழுத்தம் காட்டும் கேஜ் வைத்த சின்னக் கைப்பம்பையும் கொடுத்து, "ரெண்டு பேருக்கு இருபத்தஞ்சு பவுண்டு. இருபதுக்குக் கீழ எறங்காமப் பாத்துக்கப்பா" என்றார்.

ஆவணிக் கடைசி ஞாயிறு, காலை 6.10. கேஜில் இருபத்தைந்து காட்டியதும் பம்பைக் கழற்றிவிட்டுக் கிளம்பினோம்.

6.50, கணபதி, பன்னிரண்டு கிலோமீட்டர். நிறுத்தி, பம்பை மாட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு.

7.10, சரவணம்பட்டி. பத்தொன்பது. உள்ளே காற்றை அடைக்கிற ரப்பர் சீல் கிழிந்திருந்தால், இன்னும் அடித்தால் முழுதும் போய்விடுமே என்று அடிக்கவும் பயம். மாட்டுவண்டியைப் போல மெதுவாக ஓட்டினேன். நாலு கிலோமீட்டர் தாண்டி மறுபடி பார்த்தேன். பதினாறு.

கோவில்பாளையத்துக்கு முன்னால் பெயிண்ட் அடிக்காத ஒரு வேகத்தடை. பின்பக்கம் 'டக்' என்று அடித்தது. "அம்மா!" என்றாள். என் தோளில் அவள் விரல்கள் பதிந்தன. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

7.35, கோவில்பாளையம். டீக்கடை ஓரம் நிறுத்தினேன். டீ பதினைந்து ரூபாய். அவள் நின்றுகொண்டே குடித்தாள். நான் இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட் வாங்கி, நுரைத்து, வால்விலும் காற்றுக் குழாயின் இணைப்புகளிலும் தடவினேன். ஓட்டை இருந்தால் அங்கே குமிழ் வரும்.

"ஏனுங்க, வண்டிக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி உடறீங்களா? சீயக்கா வேணுமா?" என்றார் டீக்கடைக்காரர். நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு நாலு பேர் பார்த்தாலே வேலை ஓடாது.

ஒரு குமிழ்கூட வரவில்லை. வேறு வழியில்லாமல் இருபத்தைந்து வரை அடித்துக் கழற்றினேன். நிற்கிறதா என்று மாட்டிப் பார்த்தேன்: இருபத்திரண்டு. மறுபடி பார்த்தேன்: பத்தொன்பது. திரும்ப அடித்தேன், திரும்பப் பார்த்தேன்.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னா வைய மாட்டீங்களே?" என்றாள் சரோஜா. "வண்டி சும்மா நிக்கறப்பச் சத்தமே இல்லீங்க. நீங்க அத மாட்டிக் கழட்டறப்பத்தான் உஸ்ஸுங்குது."

முதலாளியைக் கூப்பிட எனக்குக் கூச்சம். அவளே கூப்பிட்டு, காற்று நிற்காததைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"எத்தன தடவ பாத்தாம்மா அவன்?"

"வழியில மூணு, இங்க வந்து நாலுங்கய்யா."

அவர் சிரித்த சிரிப்பு டீக்கடை முழுவதும் கேட்டது. "லாரி டயர்னு நெனச்சானா? உள்ளுக்குள்ள ஒரு டம்ளர் காத்துத்தாம்மா. ஒருக்கா மாட்டிக் கழட்டுனா ரெண்டு மூணு பவுண்டு போயிரும். இருபத்தெட்டு அடிச்சு, வால்வு மூடியத் திருகிப்போட்டு, பம்ப அவங்கிட்டருந்து புடுங்கி வெய்யி."

பட்டறையில் ஒரு தடவை கடைந்தால் ஒரு தடவை அளப்போம். சந்தேகம் வந்தால் பத்துத் தடவையும் அளப்போம். அளப்பதால் இரும்பு குறையாது. இருபத்திரண்டு வருடம் அப்படியே பழகிய கை.

இருபத்தெட்டு அடித்தேன். பம்பு அவள் பைக்குள் போனது.

8.20, அன்னூர். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேஜ் இல்லாமல் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது போல இருந்தது. "ஒரே ஒருக்காப் பாத்துக்கட்டுமா சரோசா?"

"பை எம்மடியில இருக்குதுங்க. நீங்க ஓட்டுங்க." கொஞ்ச தூரம் போனபின் அவளே பேசினாள். "எட்டு மாசமா எங்கிட்டயும் மணிக்கொருக்கா வலிக்குதான்னு கேக்கறீங்க. மறந்துபோட்டு இருக்கறவ, நீங்க கேட்டதும் நெனச்சுக்கறனுங்க."

புளியம்பட்டி நுழைவில் ஒரு பெரிய வேகத்தடை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். பின்பக்கம் மெல்ல எழும்பி, மெல்ல உட்கார்ந்தது. சத்தமே இல்லை. 8.55, மொத்தம் ஐம்பத்துநாலு கிலோமீட்டர். அவள் தன் அக்கா மகளுக்குத் தன் கையாலேயே வளையல் போட்டாள்.

மாலை நாலு மணிக்குத் திரும்பினோம். அன்னூரில் கேள்வி நாக்கு வரை வந்தது. சரவணம்பட்டியிலும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். போத்தனூர் ரயில்வே பாலம் ஏறும்போது, நான் கேட்காமலே, அவள் முன்னால் குனிந்து சொன்னாள்: "வலிக்கலீங்க."

கார்த்திகை பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை.