தாத்தா இல்லாத ஊறுகாய்

சனிக்கிழமை, காலை 9.55. பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கினேன். ஈப்போவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடைபாலம் இருக்கிறது. என் நடைக்கு ஒன்பது நிமிடம். தீவுக்குப் போகும் படகுக்குக் கட்டணம் இரண்டு வெள்ளி (ரிங்கிட்). அட்டையைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும், சில்லறை வாங்குவதில்லை. கடலைக் கடக்கப் பதினைந்து நிமிடம். ஜார்ஜ் டவுன் முதலில் கூரைகளாகத் தெரிகிறது, பிறகு சன்னல்களாக, கடைசியில் கட்டடங்களில் தொங்கும் விளம்பரத் துணிகளாக. படகிலிருந்து வாசிக்க முடிந்தவை ஆறு. நான்கில் ‘பாரம்பரியம்’ என்ற சொல் ஏதோ ஒரு மொழியில் இருந்தது.

ஊர் பார்க்க நான் போகவில்லை. என் அக்கா சாரதாவுக்கு ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்பித் தரப் போனேன். ஈப்போவில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. குடும்பத்தில் யாருக்குப் படிவம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தாள். அவள் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றியபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு பதினொரு ஆண்டுகளாக ஜாதிக்காய் ஊறுகாய் போட்டு, ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் ஒரு கடை வாசலில் மேசை போட்டு விற்கிறாள். அந்தக் கடை கைமாறிவிட்டது. வாங்கியவர் காப்பிக் கடை திறக்கிறார். மாத இறுதிக்குள் மேசையை எடுக்க வேண்டும். துறைமுகத்தை ஒட்டி ஒரு பழைய கிடங்கைப் புதுப்பித்துக் கலை வணிகக் கூடம் அமைத்திருக்கிறார்கள். அதில் உணவுக் கடைகளுக்கு இரண்டே இடம். முதல் ஆண்டு வாடகை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேர்காணல். இடம் கிடைக்காவிட்டால் செபராங் ஜெயாவில் அலுவலகக் கட்டடங்களைக் கூட்டிப் பெருக்கும் வேலைதான் இருக்கிறது என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

காலை 11.20. படகுத்துறையிலிருந்து 204ஆம் எண் பேருந்து. அக்காவின் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் தொழிற்சாலை இன்னும் நடக்கிறது. தலையில் வலைத்தொப்பி, கையுறை. ஒவ்வொரு போத்தலிலும் ஒட்டுத்தாள்: தொகுதி எண், போட்ட நாள், உப்பின் எடை. பாலேக் பூலாவிலிருந்து வரும் ஜாதிக்காயின் சதையை ஒரே அளவில் நறுக்குகிறாள். அளவு தவறிய துண்டு தனிக் கிண்ணத்துக்குப் போகிறது. அதற்கு அவள் வைத்த பெயர் ‘ரிஜெக்ட்’. மதியம் எனக்குச் சோற்றோடு வந்தது அந்த ரிஜெக்ட்தான். புளிப்பும் காரமும் போன பிறகு நாக்கில் ஒரு குளிர்ச்சி நிற்கும். வேறெங்கும் நான் சாப்பிடாத ருசி அது.

பிற்பகல் 3 மணி. படிவத்தை எடுத்தோம். சந்தையில் அக்காவுக்குப் பக்கத்து மேசையில் பூ விற்கும் மல்லிகாவும் வந்திருந்தார். ஏழாவது கேள்வி: ‘இத்தொழில் உங்கள் குடும்பத்தில் எத்தனை தலைமுறையாக நடைபெறுகிறது?’ அக்கா ஏற்கெனவே பென்சிலால் 3 என்று எழுதி வைத்திருந்தாள்.

“இது யாரு சொன்னது?” என்றேன்.

“நான்தாண்ணே,” என்றார் மல்லிகா. “அவங்களுக்கு அதான் வேணும் லா. நாளைக்கு காலையில லோரோங் கூலிட் போனா பழைய போட்டோ விப்பான். ஒரு தாத்தாவ வாங்கி மாட்டிடலாம்.”

“எங்க தாத்தா தோட்டத்துல கித்தா மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவரு,” என்றேன். “ ஊறுகாய தொட்டுதான் பார்த்திருப்பாரு.”

“அது நமக்குத் தெரியும். போட்டோவுக்குத் தெரியுமா?”

அக்கா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போடும் தாளில் பொய் இருந்தால் பிறகு அதுவே வினையாகும், அவள் சரக்குக்குப் பொய் தேவையும் இல்லை என்றேன். பென்சில் எழுத்தை அழித்தேன். மையால் எழுதினேன்: ‘ஒன்று. பதினொரு ஆண்டுகள்.’ முன் அனுபவம் என்ற இடத்தில் தொழிற்சாலையையும் பத்தொன்பது ஆண்டுகளையும் சேர்த்தேன். அக்கா படித்துப் பார்த்தாள். “நீ எழுதினா சரியாதான் இருக்கும் தம்பி,” என்று கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 8.10. மல்லிகா விடவில்லை, பார்க்க மட்டும் என்று எங்களை லோரோங் கூலிட்டுக்கு அழைத்துப் போனார். தரையில் துணி விரித்துப் பழைய கடிகாரம், நாணயம், செத்துப்போன கைப்பேசி எல்லாம் விற்கிறார்கள். ஒரு விரிப்பில் சட்டமிட்ட படங்கள் சாய்ந்து நின்றன: தலைப்பாகை கட்டியவர்கள், கோட்டுப் போட்டவர்கள், நாற்காலியில் விறைத்து உட்கார்ந்தவர்கள். யார் வீட்டுச் சுவரிலிருந்தோ இறங்கியவர்கள். சட்டங்களின் பின்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டிய விலை: 15, 25, மீசை பெரிதாக இருந்தால் 40. அக்கா ஒரு படத்தின் முன் குனிந்து நின்றாள். “வா அக்கா, நேரமாச்சு,” என்றேன்.

காலை 10.05. வாடகைக் காருக்குப் பதினொரு வெள்ளி. ஓட்டுநர் தமிழர், அறுபது வயதிருக்கும்.

“அந்தக் கூடமா? முன்ன அது அரிசி ஸ்டோர் லா,” என்றார். “ஆறு வருசம் மூட்டை தூக்கினேன். அப்போ ஒருத்தனும் போட்டோ எடுக்கல. இப்போ உள்ள காப்பி பதினாறு வெள்ளி. நான் தூக்கின மூட்டையே அந்த விலை இருந்திச்சோ என்னவோ.”

அவர் சொன்ன விலை சரி. விலைப் பலகையில் பார்த்தேன், பதினாறு. தெரு முனைக் கடையில் அதே காப்பி இரண்டு வெள்ளி இருபது காசு. வழி நெடுக சுவர் ஓவியங்களின் முன் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவ்வழியே வாளியும் துடைப்பமும் எடுத்துப் போன பெண்ணைச் சற்று ஒதுங்கச் சொன்னார்கள், படத்தில் விழாமல்.

கூடத்தின் வாசலில் நான்கு மொழியில் வரவேற்பு. தமிழில் ஆளுயர எழுத்தில் ‘வனக்கம்’ என்றிருந்தது. காட்டைக் குறிக்கும் ‘ன’. வேலைப் பழக்கம், வாய் சும்மா இருக்கவில்லை. பொறுப்பாளர் ஷர்மிளா என்ற இளம் பெண். அவரிடம் சொன்னேன்.

“ஐயோ அங்கிள், இது மூணு பேர் பார்த்து அப்ரூவ் பண்ணது.”

“மூணு பேருல யாருக்காவது தமிழ் தெரியுமாம்மா?”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு கைப்பேசியில் குறித்துக்கொண்டார். நல்ல பெண்தான்.

காத்திருக்கும் இடத்தில் எங்கள் பக்கத்தில் தாசேக் கெலுகோரிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, புதிது. மடிப்பு இன்னும் கலையவில்லை. மீன் குழம்புத் தூள் விற்கிறாராம். மடியில் சட்டமிட்ட படம், தலைப்பாகையோடு பெரிய மீசைக்காரர். சட்டத்தின் பின்புறம் ஆரஞ்சு நிறத்தில் 40.

“யாருண்ணே இது?” என்று அக்கா கேட்டாள்.

“நம்ம தாத்தாதான்.”

“பேரு?”

அவர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். “இன்னும் வைக்கல,” என்றார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தங்கச்சி, லோரி ஓட்டினேன். முதுகு போயிருச்சு. லோரிக்காரன் தூள் விக்கிறான்னா எவன் வாங்குவான்?” என்றார். நான் குனிந்து, விலை ஒட்டியிருப்பதைக் காட்டினேன். நகத்தால் சுரண்டி எடுத்தார். “பெரிய உதவி தம்பி,” என்றார்.

காலை 11.30. நேர்காணல். தேர்வாளர்கள் மூவர்: பாத்திக் சட்டை போட்ட ஒருவர், கட்டடக் கலை படித்த ஓர் அம்மையார், விடுதி நடத்தும் ஒருவர். அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டார்கள், ஷர்மிளா தமிழில் சொன்னார். முதலில் சுவைத்தார்கள். அம்மையார் கண்ணை மூடினார். விடுதிக்காரர் மறுபடியும் கரண்டியை விட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் பல ஆண்டுகளாகப் பார்த்ததில்லை.

“உங்க ஸ்டோரி கேக்குறாங்க ஆன்டி,” என்றார் ஷர்மிளா. “யாருகிட்ட கத்துக்கிட்டீங்க? அம்மாகிட்டயா?”

“எங்கம்மா ஊறுகாயே போட்டதில்ல. கடையில வாங்குவாங்க.”

ஷர்மிளா மொழிபெயர்க்கத் தயங்கினார். “அப்போ எப்படி ஆன்டி?”

“வேல போச்சு. வீட்டுல சும்மா இருக்க முடியல. ஒரு கிலோ ஜாதிக்கா வாங்கி எட்டு மாதிரி செஞ்சு பார்த்தேன். எட்டுலயும் உப்பு, காரம் அளவ எழுதி வச்சேன், கம்பெனியில அப்படித்தான் செய்வோம். ஆறாவது சரியா வந்திச்சு. அதான் இது.”

எனக்கு அது நல்ல கதையாகத்தான் பட்டது. பாத்திக் சட்டைக்காரர் படிவத்தின் ஏழாம் கேள்வியைப் பேனாவால் தட்டினார். ஒட்டுத்தாளிலிருந்த தொகுதி எண்ணைக் காட்டி ஏதோ சொன்னார். ‘இண்டஸ்ட்ரியல்’ என்ற சொல் மட்டும் எங்கள் இருவருக்கும் புரிந்தது.

“மண் ஜாடியில போட்டு வைப்பீங்களான்னு கேக்குறாங்க.”

“மண் ஜாடியில பூசணம் பிடிக்கும்மா. ஆறு மாசம் தாங்காது.”

அதையும் ஷர்மிளா மொழிபெயர்த்தார். மொத்தம் ஒன்பது நிமிடம். குழம்புத் தூள்காரருக்கு இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தீவில் இன்று நிற்கும் உயர்ந்த கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் பின்னால் தொழிற்சாலைகளில் மூன்று வேளை மாற்றி மாற்றி நின்ற பெண்களின் உழைப்பு இருக்கிறது. தெருவுக்குத் தெரு சிலையாகவும் ஓவியமாகவும் ரிக்‌ஷாக்காரர் இருக்கிறார், சவரத் தொழிலாளி இருக்கிறார், ரொட்டி விற்பவர் இருக்கிறார். தலையில் வலைத்தொப்பி போட்ட ஒரு பெண்ணை எந்தச் சுவரிலும் நான் பார்க்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் ஒருத்தி கற்றுக்கொண்ட ஒழுங்கு இவர்கள் கணக்கில் பண்பாடு ஆகாது. கடையில் வாங்கிய மீசை ஆகும்.

மாலை 5.15. அக்காவின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. சுவை மிகச் சிறப்பு, ஆனால் கூடத்தின் பாரம்பரிய நோக்கத்துக்குப் பொருந்தவில்லை, வருந்துகிறோம். கீழே ஷர்மிளா தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘அங்கிளுக்கு நன்றி சொல்லுங்க. ஸ்பெல்லிங் மாத்துறோம்.’

அக்கா செய்தியை இரண்டு முறை படித்தாள். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்த மூணு, பென்சில்லதானே இருந்திச்சு தம்பி?”

“ஆமாக்கா.”

“ம்.” எழுந்து போய் வலைத்தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த ஜாதிக்காயை நறுக்க உட்கார்ந்தாள். அன்று ரிஜெக்ட் கிண்ணம் நிறைந்தது. மல்லிகா வந்து வாசலில் நின்றார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை, காலை 8.40. அக்காவும் என்னோடு கிளம்பினாள். செபராங் ஜெயாவில் துப்புரவு நிறுவனத்துக்குப் படிவம் கொடுக்க அவளும் அக்கரைக்கு வர வேண்டும். படகுத்துறைக்குக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏணியில் ஒருவர் நின்று ‘ன’வை உரித்து ‘ண’வை ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரே நாளில் திருத்திவிட்டார்கள்.

“பாரு, நீ சொன்னது நடந்திச்சு,” என்றாள் அக்கா. அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

9.20. படகு புறப்பட்டது. ஈப்போவிலும் பழைய சந்துகளுக்கு வண்ணம் பூசுகிறார்கள், அங்கும் காப்பி விலை ஏறுகிறது. இதைவிட என் ஊர் மேல் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அங்கேயும் இப்படி ஒரு படிவம் வரும், அதையும் நான்தான் நிரப்புவேன்.

படகின் நடுவில் அக்கா பையிலிருந்து துப்புரவு நிறுவனத்தின் படிவத்தை எடுத்தாள். ஒரே பக்கம். மேலே தடித்த எழுத்தில் ‘வயது 55க்கு மேற்படாதவர்’ என்றிருந்தது. நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். அக்கா கையை நீட்டி என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“குடு தம்பி. இத நான் எழுதிக்கிறேன்.”

தாளை முழங்கால் மேல் வைத்து, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து எழுதினாள். பயணத்தில் எல்லாவற்றையும் குறித்து வைப்பது என் வழக்கம். வயது என்ற இடத்தில் அவள் என்ன எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. 9.36க்குப் படகு கரையைத் தொட்டது.