அணைக்குப் போன சோறு

அந்த மண் அணையை நான் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. கிளிநொச்சியைப் பிடித்த இராணுவம் ஊரைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேலே மண்ணைக் குவித்து, முன்னால் முள்ளுக்கம்பி அடித்து, மிதிவெடி புதைத்திருந்தது. அதற்கு இப்பால் ஒதுங்க ஒரு மரமில்லாத வெட்டை. அதில் ஒரு துண்டு எங்கள் வயல். எங்கள் மண்ணையே அள்ளிக் கட்டிவிட்டு எங்களையே மறிக்கிறார்கள் என்று அம்மா திட்டுவார்.

நாங்கள் ஸ்கந்தபுரத்தில் யாரோ ஒருவருடைய காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். தம்பி இயக்கத்தில் சேர்ந்து துவக்குத் தூக்கிப் போய்விட்டான். அவன் அந்த அணைக்கு முன்னால்தான் நிற்கிறான் என்று அறிந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே பிடிவாதம். அங்கே நிற்பவர்களுக்கு ஊர் வீடுகள் முறைவைத்துச் சோறு சமைத்துக் கொடுத்தன. அம்மா மற்றவர்களின் முறையையும் கேட்டு வாங்கினார். எந்தச் சோற்றுப் பொதி எவன் கைக்குப் போகுமென்று யாருக்குத் தெரியும்? அதனால் எல்லாப் பொதியையும் தம்பிக்கென்றே கட்டினார். கருவாட்டில் முள்கூட எடுத்தார்.

"உங்கட மகன் சண்டைக்குப் போனவனோ, பால்குடியோ?" என்று பக்கத்துக் கொட்டில் அக்கா பகிடி பண்ணுவார்.

எனக்குச் சிரிப்பு வராது. விறகு பொறுக்கி, பொதி கட்டத் தேக்கிலை பிடுங்கி, புகையில் கண் எரிந்து எனக்கு அலுத்துவிட்டது. சண்டை அலுத்துவிட்டது. பயப்பட்டுப் பயப்பட்டு, பயமும் அலுத்துவிட்டது.

ஒரு விடியலில் கிழக்கே வானம் அதிரத் தொடங்கியது. இயக்கப் பொடியன்கள் அணையில் ஏறுகிறார்கள் என்று யாரும் வந்து சொல்லத் தேவையிருக்கவில்லை. அம்மா முகம்கூடக் கழுவாமல் உலை வைத்தார். பகலெல்லாம் வெடித்தது. காயக்காரரை ஏற்றிய வாகனங்கள் ஒழுங்கையால் போய்க்கொண்டேயிருந்தன. பின்னேரம், பொதி ஏற்றிப்போன லாண்ட்மாஸ்டர் உழவுயந்திரம் அரைவாசியைத் திருப்பிக் கொண்டுவந்தது.

"சாப்பிட ஆள்..." என்று தொடங்கிய ஓட்டுநர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அணை விழவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார்.

மறுநாள் காலை அம்மா மறுபடியும் உலை வைத்தார். அரிசி கொதிக்கும்போது, வீடுகளுக்குச் சாவுச் செய்தி கொண்டுவருகிற இயக்கப் பொறுப்பாளர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அவர் எந்த வீட்டுக்கும் சும்மா வருவதில்லை. அவர் வாயைத் திறக்குமுன் அம்மா அகப்பையை நீட்டி மறித்தார்.

"ஒண்டும் சொல்லாதேங்கோ. செத்த வீட்டில அடுப்பெரியக் கூடாது. நீங்கள் சொன்னால் நான் இதைத் தண்ணி ஊத்தி நூக்கவேணும். அங்க மிச்சப் பிள்ளையள் பசியோட நிக்குங்கள். சோறு போகட்டும்."

பொறுப்பாளர் மரக்குற்றியில் குந்தித் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகையைவிட முதலில் கோபம்தான் வந்தது. கல் நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே அழுதேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சோறு வடித்தார், கறி இறக்கினார். நான் இலை பிடிக்க, ஒவ்வொரு பொதியாகக் கட்டினார்.

லாண்ட்மாஸ்டர் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அதன் சத்தம் ஓயுமட்டும் அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து வாளித் தண்ணீரை அப்படியே அடுப்பில் ஊற்றினார். சாம்பல் எழும்பி முகமெல்லாம் படிந்தது. துடைக்காமலே அம்மா பொறுப்பாளருக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"இனிச் சொல்லுங்கோ" என்றார்.