டு-வா, இங்-கா?

ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துவது தொண்டையால் செய்கிற தொழில்; மூளைக்கு அதில் பெரிதாக வேலை இல்லை. திருவாரூர் கடைத்தெருவில் ஓர் உரக்கடையின் மாடியில் ஏழு வருஷம் நடத்தினேன். தெருவுக்குத் தெரு எஸ்டிடி பூத் முளைத்து, வீட்டுக்கு ஒருவர் துபாய், சிங்கப்பூர் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். 'லைக்', 'ப்ரிஃபர்' பாடத்தை நடத்தியவர்களுக்கும், படித்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கும் என் வேதனை புரியும்.

இரட்டை உரம்

பிடித்ததைச் சொல்ல 'ஐ லைக் டு ஸ்விம்' என்றாலும் சரி, 'ஐ லைக் ஸ்விம்மிங்' என்றாலும் சரி என்று ஒரு மணி நேரம் கத்தினேன். சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போவதற்காகப் படிக்க வந்த விவசாயி செல்வராஜ் எழுந்து, 'ஐ லைக் டு ஸ்விம்மிங்' என்றார். "ஏதாவது ஒண்ணுதாங்க, ரெண்டையும் சேர்த்துப் போடக்கூடாது" என்றேன். மனுஷன் அசரவே இல்லை.

"வயலுக்கு யூரியாவும் போடுறோம், பொட்டாஷும் போடுறோம். பயிரு செத்தா போச்சு? ரெண்டும் கெடக்கட்டும் சார், எது புடிக்குதோ புடிச்சிக்கட்டும்."

பொங்கலின் ஆசை

'ஐ ப்ரிஃபர் இட்லி டு பொங்கல்' என்று போர்டில் எழுதினேன். பொங்கலைவிட இட்லிதான் எனக்கு இஷ்டம் என்று அர்த்தம். ஆனால் முந்தின வாரம்தான் 'டு' என்றால் 'க்கு' என்று, 'டு சென்னை' என்றால் 'சென்னைக்கு' என்று மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். தப்பு என்னுடையதுதான். நர்ஸ் வேலைக்குப் போகவிருந்த ராணி போர்டையே முறைத்துப் பார்த்தாள்.

"பொங்கலுக்கு இட்லி பிடிச்சா பிடிச்சிட்டுப் போகுது சார். எனக்கு எது பிடிக்கும்னு எப்ப சொல்லித் தருவீங்க?"

எதுன்னாலும் சரி

ஜாஃபர் கல்யாண வீடுகளில் பிரியாணி செய்பவர். அவருக்குக் கல்யாணமாகி நாலு மாசம். துபாய் ஹோட்டல் வேலைக்கு இரண்டு தடவை இன்டர்வியூ போய்த் திரும்பிவிட்டார். காலை ஷிஃப்டா, மாலை ஷிஃப்டா, எது இஷ்டம் என்று கேட்டால், இரண்டு தடவையும் 'எனிதிங் சார்' என்றிருக்கிறார். கேள்வியே புரியவில்லை போலும் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவையும் இப்படியே வந்தால் அவ்வளவுதான் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார்.

அவர்மேல் என்ன தப்பு? நம் பக்கத்தில் காபியா டீயா என்று கேட்டால், எதுன்னாலும் சரி என்பதுதானே மரியாதை! "பாய், ஒண்ணைச் சொல்லுங்க, வாயைத் திறந்து ஒண்ணே ஒண்ணைச் சொல்லுங்க" என்று பத்து நாள் மன்றாடினேன். பத்தாம் நாள் வேர்த்து வழிய, 'ஐ ப்ரிஃபர் டிரிங்கிங் டீ' என்றார். அப்பாடா என்று உட்கார்ந்தேன். உடனே பதறிப்போய்த் தமிழுக்கு வந்துவிட்டார்.

"காபியே போட்டிருந்தாலும் பரவால்லைங்க சார், குடிச்சிடுவேன்."

மூன்றாவது தடவை

ஜாஃபர் இன்டர்வியூவுக்குச் சென்னை போன அன்று நான் பாதிக் கிளாஸை எஸ்டிடி பூத் வாசலில்தான் கழித்தேன். மறுநாள் படியேறி வந்தவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "வேலை கிடைச்சிடுச்சு சார்" என்றார். கிளாஸே கை தட்டியது.

அதிகாரி ஷிஃப்டைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். இந்தியாவில் வேலை செய்வது இஷ்டமா, துபாயிலா என்று கேட்டிருக்கிறார். பாவி, அந்தக் கேள்வியை நான் சொல்லித்தரவே இல்லையே! 'எனிதிங்' நாக்கு நுனிவரை வந்ததாம், விழுங்கிவிட்டாராம். பதிலைக் கேட்டு அதிகாரி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாராம். "அப்படி என்னதான் சொன்னீங்க?" என்றேன். ஜாஃபர் கைகட்டி நின்று, டு-வையும் இங்-கையும் அதனதன் இடத்தில் வைத்து, பிசகில்லாமல் ஒப்பித்தார்.

"ஐ ப்ரிஃபர் லிவிங் இன் திருவாரூர் வித் மை ஒய்ஃப், சார். பட் ஐ நீட் டு கோ."

'ப்ரிஃபர்' என்ற சொல்லுக்குப் பின்னால் டு-வும் வரும், இங்-கும் வரும் என்று ஏழு வருஷம் தொண்டை கிழியக் கத்திய நான், அதற்கும் பின்னால் ஒரு 'பட்' வரும் என்று ஒருவருக்குமே சொல்லித்தரவில்லை.