ஏழு (ஈ) பிரிவும் ஒரு கோல்கீப்பரும்

எங்கள் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்திய நாடுகள் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் விதிகளில் ஏழாவது விதி, (ஈ) பிரிவு இப்படிச் சொல்கிறது: "ஓர் அணியில் ஆள் குறைந்தால், வேறு நாட்டு ஆட்டக்காரர் ஒருவரை, அவருடைய சொந்த அணி மேலாளரின் எழுத்துபூர்வமான சம்மதத்தின்பேரில், போட்டிச் செயலாளர் ஆட அனுமதிக்கலாம்." அந்த வாக்கியத்தை எழுதியவன் நான். போட்டிச் செயலாளரும் நான்தான். இவ்வளவு தெளிவான ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படிக் குழம்ப முடியும் என்று கேட்டால், என்னால் முடிந்தது.

முதலில் என் நிலைமை. பிறந்தது பாளையங்கோட்டை. பதினெட்டு வருடம் டெக்சாஸ். பாஸ்போர்ட் அமெரிக்கா. பிழைப்பு, இரண்டாயிரத்துக்குப் பிறகு, சவுதியின் அல் கோபாரில் ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தப் பிரிவு. கால்பந்தை நான் பாளையங்கோட்டையில் கற்றிருக்கலாம்; அங்கே பள்ளிக்குப் பள்ளி மைதானம் உண்டு. ஆனால் அதற்குச் 'சாக்கர்' என்று வேறு பெயர் வைத்து ஒதுக்கியிருக்கும் ஒரு தேசத்தில்தான், தொண்ணூற்றி நான்கில் உலகக்கோப்பை அங்கே வந்தபோது, எனக்கு அந்தப் பித்து பிடித்தது. அன்றிலிருந்து அமெரிக்க தேசிய அணிதான் என் அணி. இரண்டாயிரத்து இரண்டில் அவர்கள் காலிறுதி வரை போனார்கள். நான் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர்கள் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

தேசிய அணியாவது புரியும். அமெரிக்க லீக் எனக்கு இன்றுவரை முழுதாகப் புரியவில்லை. உலகமே ஓய்வெடுக்கும் கோடையில் ஆடுவார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் தேசிய அணிக்குப் போயிருக்கும் அதே நாளில், மிச்சம் இருப்பவர்களை வைத்து லீக் ஆட்டத்தையும் நடத்திவிடுவார்கள். காலையில் அலுவலகக் கணினியில் முடிவுகளைப் பார்க்கும்போது ஒன்றில் நான் ஜெயித்திருப்பேன், அதே காரணத்தால் இன்னொன்றில் தோற்றிருப்பேன்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்கிற ஒரே ஆள் பராமரிப்புப் பிரிவின் ஒரு டெக்னீஷியன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். ஊரில் பங்குக் கோயில் அணிக்குக் கோல்கீப்பராக நின்றவர். நிறுவனக் குடியிருப்பான எங்கள் கேம்பில் பிரிவுகளுக்கு இடையே குளிர்காலம் முழுக்க ஒரு லீக் நடக்கும். அதில் ஆறு வருடமாகப் பராமரிப்பு அணியின் கோல் அவருடையது. அமெரிக்க லீக்கில் கடைசியாக வருகிற அணிக்கு என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டார். ஒன்றும் ஆகாது, அடுத்த வருடமும் அங்கேயே ஆடும் என்றேன்.

"கடைசியா வந்தவன் கீழ எறங்க மாட்டானா?"

"மாட்டான்."

"பின்ன எதுக்கு சார் இப்படி ஓடுதானுவ?"



பிரிவுகளின் லீக் முடிந்ததும் பிப்ரவரியில் நாடுகள் கோப்பை. அங்கேதான் அவருடைய கஷ்டம். இந்திய அணிக்கு மேலாளர் ஸ்டோர்ஸில் இருந்த ஒரு மலையாளி சூப்பர்வைசர். நல்ல மனிதர், ஆனால் சீனியாரிட்டியை நம்புகிறவர். அவருடைய முதல் கோல்கீப்பர் எட்டு வருடமாக அங்கே நின்றார், உடம்புக்கு வந்ததும் இல்லை. எங்கள் ஆள் ஆறு வருடமும் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டாயிரத்து எட்டு அவருக்குக் கடைசி வருடம். மார்ச்சில் ஃபைனல் எக்ஸிட், வேலையை முடித்து ஊருக்கே திரும்புவது. ஒரே ஒரு ஆட்டத்திலாவது நின்றுவிட்டுப் போக வேண்டும் என்பதைத் தவிர அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வருடம் அமெரிக்க அணிக்குக் கோல்கீப்பர் இல்லை. கேம்பில் அமெரிக்கர்கள் மிகவும் குறைந்துவிட்டிருந்தார்கள். அணித்தலைவர், ஒஹாயோக்காரரான ஒரு குழாய் ஆய்வுப் பொறியாளர், லீக்கில் இவர் பந்து பிடிப்பதைப் பார்த்திருந்தார். ஏழு (ஈ) பிரிவின்கீழ் இவரைக் கேட்டார். நான் டெக்னீஷியனிடம் சொன்னபோது அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"எந்த ஜெர்சின்னாலும் குடுங்க சார். வீட்ல போட்டோவப் பாத்துக் கேட்டா கம்பெனி டிரெஸ்னு சொல்லிருவேன்."

மலையாளி மேலாளரும் உடனே சம்மதித்தார். ஒரு டெலிவரி நோட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இது செல்லாது என்று சொல்லி முறையான தாளில் தேதியோடு எழுதி வாங்கினேன். சம்மதம் கிடைத்ததும், விதிப்படி, டெக்னீஷியனின் பெயரை இந்தியப் பட்டியலிலிருந்து அடித்தேன். இனி என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் ஆட்ட அட்டவணையைப் பார்த்தேன். முதல் ஆட்டமே அமெரிக்காவும் இந்தியாவும்.

ஒஹாயோக்காரர், நீங்கள் எங்கள் ஆள்தானே, போட்டுவிடுங்கள் என்று தோளில் தட்டினார். அரைமணி கழித்து மலையாளி மேலாளர் தேநீரோடு வந்து, "சார் நம்மட ஆளல்லே, ஒரு ஒப்பு இட்டா மதி" என்றார்; ஒரு கையெழுத்துப் போதுமாம். இருவரும் என்னைத் தங்கள் ஆள் என்று நம்பியதுதான் என்னைக் கவிழ்த்தது. கையெழுத்துப் போட்டால் நான் யாருக்குச் சலுகை காட்டியவன்? என் பாஸ்போர்ட்டுக்குக் கோல்கீப்பர் சேர்த்துக்கொண்டவனா? என் பக்கத்து மாவட்டத்துக்காரனுக்கு வாய்ப்புக் கொடுத்தவனா? போடாவிட்டால் இந்தியாவை ஜெயிக்க வைத்தவனா? எப்படிப் பார்த்தாலும் எனக்கு இதில் சொந்த அக்கறை இருந்தது. சொந்த அக்கறை உள்ள அதிகாரி முடிவெடுக்கக் கூடாது. மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த நடைமுறையை நான் நாற்பது வருடமாக அறிவேன். கோப்பினை ஊழியர் நலப் பிரிவுக்கு அனுப்பினேன், இணைப்புகள் நான்கு.

நலப் பிரிவு அதைப் பணியாளர் பிரிவுக்கு அனுப்பியது. பணியாளர் பிரிவு, இரண்டு குடியுரிமைகள் சம்பந்தப்பட்டதால், சட்டப் பிரிவின் கருத்தைக் கேட்டது. இவ்வளவும் மூன்று நாளில். என் அனுபவத்தில் அது வேகம். புதன்கிழமை அலுவலகம் மூடும்வரை பதில் வரவில்லை. விடுமுறை நாளான வியாழக்கிழமையும் ஒருதரம் போய், கடிதங்கள் வரும் தட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் ஆட்டம். டெக்னீஷியன் கையுறைகளைத் தண்ணீரில் நனைத்து மாட்டிக்கொண்டு முன்னதாகவே வந்து நின்றார்.

"பேப்பர் வந்துட்டா சார்?"

"வரல, தம்பி."

"நீங்கதான சார் செக்ரட்டரி? நீங்க சரின்னா போதும்னு எல்லாரும் சொல்லுதாவளே."

"எல்லாரும் சொல்லுவாங்க. எழுத்துல வரணும்."

"ஒரு ஆட்டம் சார். நின்னுட்டுப் போயிருதேன்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதில் வர வேண்டிய வழியில் வெள்ளிக்கிழமை எதுவும் வராது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கேட் பக்கம் பார்த்தேன். நடுவர் விசில் ஊதிவிட்டார்.

அமெரிக்காவின் கோலில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கணக்காளர் நின்றார். டெக்னீஷியன் வலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, "லெஃப்ட் சார், லெஃப்ட், கம் ஃப்ரண்ட், யல்லா" என்று அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். முதல் பாதி அப்படியே ஓடியது. இரண்டாம் பாதியில் இந்தியக் கோல்கீப்பர், எட்டு வருடம் ஒன்றும் ஆகாதவர், பந்து பட்டு விரல் பிசகிக் கீழே உட்கார்ந்தார். மலையாளி மேலாளர் டெக்னீஷியனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முடியாது என்று நான் தலையை அசைத்தேன். பெயர்தான் பட்டியலில் இல்லையே. ஓர் எலக்ட்ரீஷியன் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். மைதானத்தின் இரண்டு கோல்களிலும் கோல்கீப்பர் இல்லை. இருந்த ஒரே கோல்கீப்பர் வலைக்கு வெளியே, தண்ணீர்க் கேன் மேல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் இந்தியா ஒன்று அடித்தது. பந்து மெதுவாக உருண்டு கணக்காளரின் கால்களுக்கு நடுவே போனது. கூட்டம் கத்தியது. என் கைகளும் தட்டின. தட்டிய பிறகுதான் எந்த அணி அடித்தது என்று எனக்கு உறைத்தது. டெக்னீஷியன் தட்டவில்லை. கையுறைகளைக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகினார்.

மார்ச்சில் அவருடைய எக்ஸிட் காகிதங்களை, என் வேலை இல்லாவிட்டாலும், நானே கேட்டு வாங்கிச் சரிபார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. கையெழுத்துப் போட வந்தபோது அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"அந்தப் பேப்பர் வந்துட்டுன்னா ஊருக்கு அனுப்பிருங்க சார். பிரேம் போட்டு மாட்டுதேன்."

கேலியா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. எதற்கும் முகவரியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பதில் வந்தது. மூன்று பிரிவுகளின் முத்திரையும் அதில் இருந்தது. ஏழு (ஈ) பிரிவின்படி இந்த அனுமதியைப் போட்டிச் செயலாளரே வழங்கலாம், மேலிடத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தார்கள். ஒரு பிரதி எடுத்து உறையில் போட்டுக் கன்னியாகுமரி முகவரியை எழுதினேன். மூலத்தைக் கோப்பில் சேர்த்து, வழக்கம்போல மூலையில் தேதி முத்திரை குத்தினேன்: பெறப்பட்டது, 11 ஜூன் 2008.