‘நாம்’ என்று படித்தவர்

என் அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் ரெட்டை நாக்கு. கோர்ட்டில் துரைமார் பேசுவதை நம் பேச்சிலும், நம் ஆட்கள் பேசுவதைத் துரைமார் பேச்சிலும் மாற்றிச் சொல்கிற வேலை. இருபத்திரண்டு வருஷம் அதே நாற்காலி, அதே கறுப்புக் கோட்டு. அந்தப் பெயரை யாராவது என் காதுபடச் சொன்னால் சும்மா விடமாட்டேன். ஏரி விஷயம் வந்த பிறகு நானும் சண்டைக்குப் போவதை விட்டேன்.

கடல் தாண்டி வந்து எங்களை ஆண்டவர்கள் ஏரிக்கரையில் ஒரு சாய ஆலை வைக்க நினைத்தார்கள். அந்தத் தண்ணீரை நம்பிக் கீரையும் காயும் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் இருநூறு இருக்கும். எல்லோரையும் கரைக்கு வரச்சொல்லி, மேசை போட்டு, துரைமார் பேச்சில் எழுதிய ஒப்பந்தத் தாளை அண்ணனை விட்டு நம் பேச்சில் படிக்கச் சொன்னார்கள். “இந்தத் தண்ணீரை நாம் பயன்படுத்துவோம். இந்தக் கரையை நாம் காப்போம்” என்று கணீரென்று படித்தார். முதலில் கட்டைவிரலை மையில் வைத்தவன் அண்ணியின் தம்பி, கீரைக்காரன். “அத்தானே படிக்கிறாரு, இதுல என்ன யோசனை?” என்று சிரித்தான். அவன் வைத்ததைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள்.

மூன்றாம் மாதம் கரையைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது.

‘நாம்’ என்றால் கேட்கிறவனும் சேர்த்தி, ‘நாங்கள்’ என்றால் அவன் வெளியே. இது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். “நாங்க கடைக்குப் போறோம்” என்றால் அழும். “நாம போறோம்” என்றால் ஓடிப்போய்ச் செருப்பைத் தேடும். துரைமார் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். எது என்று புரிந்துகொள்வது கேட்கிறவன் பாடு. என் அண்ணன் தப்பாகப் புரிந்துகொண்டார்.

பாத்திகள் காய்ந்ததும் கீரைக்காரன் ஒரு குறடு எடுத்துக்கொண்டு போய்ப் பட்டப்பகலில் கம்பியை வெட்டினான். ஒளியக்கூட இல்லை. பிடித்துப் போய், அரசாங்கச் சொத்தை அழித்தான், கலகம் செய்தான் என்று வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு பாதகமானால் கப்பல். அவர்கள் ஆண்ட இன்னொரு நாட்டின் கரும்புத் தோட்டத்தில் ஏழு வருஷம். எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போனவர்கள் ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

விசாரணை நாள் காலையில் அண்ணன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அவன் உங்களை நம்பித்தானே விரலை வச்சான்?”

“தப்பாப் படிச்சேன்னு சொன்னா என்னை உள்ள தள்ளுவாங்க. வேலையும் போயிரும். புள்ளைங்களுக்கு யாரு?”

“எனக்குத் தெரியாது. படிச்சவரு நீங்கதான். அவன் கப்பல் ஏறினா நாங்க எங்க வீட்டுக்குப் போறோம். நீங்க உங்க துரையோட இருந்துக்கோங்க.”

அந்த ‘நாங்க’வில் அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அண்ணன் இல்லை. அவர் படியிறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கோர்ட்டில் நிற்க இடமில்லை. கூண்டிலிருந்து கீரைக்காரன் சொன்னான்: “நாமன்னு படிச்சாங்க. அப்ப தண்ணி எனக்கும் உண்டுதானே? என் தண்ணிக்கு வேலி போட்டா வெட்டாம என்ன செய்யறது?”

அண்ணன் அதைத் துரைப் பேச்சில் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு அரைகுறைதான், எனக்குப் புரியாமல் விட்டதை அண்ணனே பிறகு சொன்னார். நீதிபதித் துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் அந்தச் சொல்தானே இருக்கிறது, அது அரசாங்கத்தைக் குறிக்கிறது, இதில் இவன் எங்கே வந்தான் என்று கேட்டு, தீர்ப்பு எழுதப் பேனாவை எடுத்தார்.

அண்ணன் பேசாமல் இருந்திருந்தால் அத்தோடு முடிந்தது. துரைமாரில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. சத்தியமாகச் சொல்கிறேன், பேசாதே என்றுதான் அந்த நிமிஷம் வேண்டிக்கொண்டேன்.

அவர் எழுந்து துரையிடம் நீளமாக ஏதோ சொன்னார். பேனா நின்றது. கோர்ட்டில் யார் எதைச் சொன்னாலும் கூண்டில் நிற்பவனுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்ல வேண்டும், அதுதான் அவர் வேலை. ஆகவே கீரைக்காரன் பக்கம் திரும்பி, தான் சொன்னதைத் தானே மாற்றிச் சொன்னார்:

“மொழிபெயர்ப்பாளன் சொல்றான்: எங்க பேச்சுல அந்தச் சொல்லுக்கு ரெண்டு சொல் உண்டு. நாங்கன்னு படிக்க வேண்டியதை நாமன்னு படிச்சது நான். இவன் பேர்ல தப்பில்ல.”

வேண்டுமென்றே செய்ததா என்று துரை கேட்டார். அதையும் மாற்றிச் சொன்னார். தன் பதிலையும் சொன்னார்:

“இல்ல. தாளைக் குடுத்த அன்னிக்குப் பெரிய துரை என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு அந்தச் சொல்லைச் சொன்னாரு. நானும் சேர்த்தின்னு நெனச்சுட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அடக்க முடியாத அழுகை வந்தது. இருபத்திரண்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்த மனுஷன், தன்னை அவர்களோடு ஒருவனாக நினைத்திருக்கிறார்.

நீதிபதி வெகுநேரம் எழுதினார். பிறகு தீர்ப்பைப் படித்தார். முதல் சொல்லே அந்தச் சொல்தான். அது எனக்கும் தெரியும். கூட்டம் முழுக்க அண்ணனின் வாயையே பார்த்தது.

“நாங்கள்,” என்றார் அண்ணன். கொஞ்சம் நிறுத்தினார். “நாங்கள் தீர்மானித்தது இது. கீரைக்காரன் அறியாமல் செய்ததால் அவனுக்குப் பதினைந்து நாள். தப்பாகப் படித்த மொழிபெயர்ப்பாளனுக்கு வேலை நீக்கம், ஆறு மாதச் சிறை. வேலி அப்படியே இருக்கும்.”

குரல் பிசிறவில்லை. ‘மொழிபெயர்ப்பாளன்’ என்றபோதுகூட, வேறு யாரையோ சொல்வதைப் போலத்தான் சொன்னார். பிறகு கோட்டைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்தார். அன்றிலிருந்து அவரை யாரும் ரெட்டை நாக்கு என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஆலை வந்தது. ஏரித் தண்ணீர் ஒரு நாள் நீலம், ஒரு நாள் சிவப்பு. கீரைக்காரன் அதே ஆலையில் மூட்டை தூக்கினான். அரசாங்கத் தாள்களில் அதற்கப்புறம் நாமும் இல்லை, நாங்களும் இல்லை. எல்லாம் ‘அரசாங்கம் செய்யும்’ என்று ஆகிவிட்டது. உஷாரான ஆட்கள்.

ஆறு மாதம் கழித்துச் சிறை வாசலுக்கு நானும் அண்ணியும் போனோம். அண்ணி அந்த ஆறு மாதமும் துணி தைத்துத்தான் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். அண்ணன் பாதியாக இளைத்து வெளியே வந்தார். அண்ணி அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அவர் பத்தடி பின்னால் வந்தார். பழக்கத்தில் ஏரிக்கரைப் பாதையில் கால் வைத்தவர், தயங்கி நின்றுவிட்டார். தம் வீட்டுக்குப் போகலாமா, கூடாதா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

“அங்க எங்க போறீங்க? அதான் வேலி இருக்கே,” என்றாள். “நாம சுத்தித்தான் போகணும்.”