குழல் வாயில் மட்டும் வரி

கரி ரயில் ஓடிய நாட்கள். கும்மிடிப்பூண்டியில் ஏறி எதிரே உட்கார்ந்த லேத் பட்டறைக்காரர், இரும்புத்தூள் ஒட்டியிருப்பதுபோல் உள்ளங்கையை ஊதிக்கொண்டே இருந்தார். திடீரென்று டிபன் பையிலிருந்து ரிவால்வரை எடுத்து என் மூக்கருகே நீட்டினார். என் கைகள் தாமாக மேலே போய்விட்டன.

“பயப்படாத நைனா. குழலுக்குள்ள வரி தெரியுதா பாரு.”

“தெ... தெரியுதுங்க!”

“லேத்ல நானே கடைஞ்சது. வரிய வாய்ல மட்டும்தான் பள்ளமா வெட்னேன். உள்ள முழுக்க வரி இருந்தாதான் குண்டு சுத்திக்கினு நேரா போவும். இது சும்மா பாக்கத்தான், சுடாது.”

“அப்புறம் இன்னாத்துக்குங்க?”

“என்னை செருப்பால அடிச்ச மேஸ்திரி பழைய பட்டாளத்தான். வரி இல்லன்னா பொம்மைன்னு சிரிப்பான். அவன் பொண்டாட்டி எதிர்லயே அவன் என் கால்ல வுழணும்.”

அப்போதுதான் அவர் கண்களைப் பார்த்தேன். துப்பாக்கியே தேவலாம்.

ஆரம்பாக்கத்தில் இறங்கிப் போனார். மேஸ்திரி விழுந்தாரா, இன்றுவரை தெரியாது. நான் இறங்கவேண்டியதும் அங்கேதான். ஆந்திர எல்லை தாண்டிய பிறகே கையை இறக்கினேன்.