சால்வையால் அடைத்த கீபோர்டு

என் வீட்டுக்காரர் பெங்களூரில் கல்யாண ரிசப்ஷன்களில் கீபோர்டு வாசிப்பவர். நானும் துணைக்குப் போவேன். கீபோர்டுக்குள் இருக்கும் சின்ன ஃபேனின் இரைச்சல் மைக்கில் விழுகிறதென்று, ஒரு ரிசப்ஷனில் தனக்குப் போர்த்திய சால்வையாலேயே பின்பக்கக் காற்று ஓட்டைகளை அடைத்துவிட்டார்.

“சூடாயிடுமேங்க” என்றேன்.

“அதுக்கு முன்னாடி நீதான் சூடாவுற. போய் உக்காரு” என்று சிரித்தார்.

பாட்டு நடக்கும்போதே கருகல் வாடை வந்தது. அவர் கண்மூடி வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் பிழைப்பே அந்தக் கீபோர்டுதான். மேடையேறி வயரைப் பிடுங்கினேன். பாட்டு நின்றது, மண்டபமே என்னை முறைத்தது. சால்வையை எடுத்தபோது கை சுட்டது. நல்லவேளை, கீபோர்டு பிழைத்தது.

பிறகு ரிப்பேர் கடையில் தூசி எடுத்து, ஃபேன் அதிராமல் ரப்பர் வைத்தோம். இரைச்சல் பாதியாகிவிட்டது. இப்போதெல்லாம் பின்னால் கைவைத்து, காற்று வருவதைப் பார்த்த பிறகே அவரை வாசிக்க விடுகிறேன்.